"என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே!"

மூலநிரல் ஒன்றாயிருந்தால் அதிலிருந்து பிறக்கும் பைனரியும் ஒன்றாகவே இருக்கும் என்பது மென்பொருள் எழுதுவோர் பலர் சந்தேகமின்றி ஏற்றுக்கொண்ட நம்பிக்கை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பைலரின் பதிப்பும், கோப்புகள் கிடந்த டைரக்டரியின் பெயரும், அவற்றை இயங்குதளம் எடுத்துக் கொடுத்த வரிசையும், பில்ட் நடந்த நேரமுங்கூட, நாம் அழைக்காமலே அந்தப் பைனரிக்குள் வந்து அமர்ந்துவிடும் என்பதே பிரத்தியட்ச அனுபவம். இந்த வேண்டாத விருந்தாளிகளை ஒவ்வொன்றாய் வெளியேற்றி, யார் எங்கே கட்டினாலும் பிட்டுக்குப் பிட்டு ஒத்த பொதியே கிடைக்கச் செய்யும் பிரயாசையை டெபியன் திட்டத்தார் 2013 முதல் நடத்தி வருகிறார்கள்.

'டாக்கர் இருக்கையில் இந்தக் கவலை எதற்கு?' என்பார் பலர். இது அரை உண்மை. அரை உண்மைக்குத்தான் ஆயுள் அதிகம். ஒருமுறை கட்டிவைத்த இமேஜ் மாறாது என்பது வாஸ்தவம். ஆயினும் அதே டாக்கர்ஃபைலை ஆறு மாதம் கழித்து மறுபடி ஓட்டினால், அதிலுள்ள 'ஆப்ட்-கெட்' அன்றைக்குக் கிடைக்கும் பொதிகளையே கொண்டுவரும். 'லேட்டஸ்ட்' என்ற டேகோ, வெளியிடுபவர் விரும்பிய நாளில் வேறோர் இமேஜின்மேல் ஒட்டிவிடக்கூடிய வெறும் சீட்டு. அடிப்படை இமேஜை அதன் எஸ்ஹெச்ஏ-256 டைஜெஸ்டால் குறிப்பிட்டால்தான் அது நிலைபெறும்.

லாக் ஃபைல் இருந்தால் போதும் என்பது மூன்றாவது நம்பிக்கை. 2016 மார்ச்சில், எழுத்துத் தொடரின் இடப்புறத்தை நிரப்பும் பதினொரு வரிகளேயான 'லெஃப்ட்-பேட்' என்னும் பொதியை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடவே, அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த பேபல் முதலிய பிரபலத் திட்டங்களின் பில்டுகள் முறிந்தன. சில மணி நேரத்தில் களஞ்சியத்தாரே அதை மீட்டு வைக்க நேர்ந்தது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று லாக் ஃபைல் குறித்து வைக்குமேயன்றி, அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்திருக்காது. மளிகைச் சிட்டை பத்திரமாயிருந்து பயனென்ன, கடையில் சரக்கில்லாதபோது? ஆகவே, இன்றியமையாத பொதிகளின் பிரதியை நம்முடைய சர்வரிலேயே வைத்துக்கொள்வதும், பதினொரு வரிக்காகப் பிறர் கையை எதிர்பாராமல் நாமே எழுதிக்கொள்வதும் உசிதம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: சென்ற ஆண்டு வெளியிட்ட பதிப்பொன்றை எடுத்து, இதுவரை உங்கள் திட்டம் ஏறாத ஒரு புதிய கம்ப்யூட்டரில், யாரையும் விசாரிக்காமல் கட்டிப் பாருங்கள்.