காந்தி எங்கே என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாலஸ்தீனத்தில் ஏன் ஒரு காந்தி பிறக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். பலரும் கேட்கிற கேள்விதான். கேட்டுவிட்டுப் பதில் தேடாமல் போய்விடுவார்கள். நீயாவது எழுதிக் கேட்டாயே.

முபாரக் அவாத் என்று ஒருவர் இருந்தார். ஜெருசலேமில் அகிம்சைப் போராட்டத்துக்கென்றே ஒரு மையம் நடத்தினார். 1988இல் இஸ்ரேல் அவரை நாடுகடத்தியது. பெத்லகேமுக்குப் பக்கத்தில் பெய்த் சாஹூர் என்றொரு ஊர். இஸ்ரேலிய ராணுவ ஆட்சிக்கு வரி கட்டமாட்டோம் என்றார்கள் அந்த ஊர்க்காரர்கள். இஸ்ரேலியப் பால் வேண்டாமென்று 18 மாடுகள் வாங்கிக் கட்டினார்கள். அந்த மாடுகளையும் ராணுவம் தேடி அலைந்தது! 1989இல் ஊரை வாரக்கணக்கில் முற்றுகையிட்டு, வரிக்கு ஈடாக வீட்டுச் சாமான்களையும் பட்டறை இயந்திரங்களையும் அள்ளிப்போனார்கள். நம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடுவீடாக நுழைந்து தறியைக் கழற்றி லாரியில் ஏற்றினால் எப்படியிருக்கும், யோசி.

"தற்கொலைக் குண்டுகள் வெடிக்கவில்லையா?" என்பாய். வெடித்தன. பஸ்ஸில் போனவர்களைக் கொன்றன. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்ததை நான் நியாயப்படுத்தமாட்டேன். அதன்பின் காசாவில் நடந்ததையும்தான். குண்டு வெடித்த அன்று பெய்த் சாஹூர் மாதிரி ஊர்களின் பேச்சை யார் கேட்டார்கள்?

மேற்குக் கரையில் பிலின் கிராமத்தார் 2005 முதல் வெள்ளிதோறும், தங்கள் நிலத்தை மறித்து இஸ்ரேல் போட்ட தடுப்புவேலியை நோக்கி நடந்தார்கள். இளைஞர் சிலர் கல்லெறிந்ததும் உண்டு, மறைக்கவில்லை. இஸ்ரேலியர்களும் கூடவே நடந்தார்கள். 2007இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே வேலியை மாற்றச் சொன்னது; மாற்றி முடிக்க 2011 ஆயிற்று. நிலத்தில் ஒரு பகுதிதான் திரும்பியது. "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்காதே. அந்த ஒரு பகுதியில் உழுகிறவனிடம் போய் இதைக் கேட்பாயா?

சரி, நான் கேட்கிறேன். ஏகனாபுரத்துக்கு எத்தனை தடவை போயிருக்கிறாய்? காஞ்சிபுரத்திலிருந்து எவ்வளவு தூரம்? பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏகனாபுரம் உள்படப் பல கிராமங்களில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் கேட்டது அரசு. 2022இலிருந்து ஏகனாபுரத்தார் பகலில் வயல்வேலை பார்த்துவிட்டு இரவில் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். ஆயிரம் நாளைத் தாண்டியும் உட்கார்ந்தார்கள். கிராம சபையில் தீர்மானம்மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ஊரில் பெரும்பாலோர் ஓட்டுப் போடவில்லை. நீயோ 2025 ஜனவரியில் நடிகர் விஜய் அங்கே வந்த அன்றுதான் எனக்கு வீடியோ அனுப்பினாய்.

இரண்டும் ஒன்றல்ல, தெரியும். இங்கே ஊரை ஆள்வது அந்நிய ராணுவம் இல்லை, கையில் ஓட்டு இருக்கிறது. ஆனால் பக்கத்து ஊரில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர்களே நம் கண்ணில் படவில்லை. பெய்த் சாஹூர் எப்படித் தெரியும்? காந்தி இல்லை என்று அவர்கள்மேல் குறை சொல்வது மட்டும் நமக்குச் சுலபமாக வந்துவிடுகிறது.

"விமான நிலையம் வேண்டாமா அண்ணா?" என்று அடுத்துக் கேட்பாய். தாராளமாக வாதாடு. முதலில் ஒரு சாயங்காலம் ஏகனாபுரம் போய் அவர்களோடு உட்கார். உபதேசம் செய்யாதே, செல்போனைப் பையில் வை. அவர்கள் சொன்னதை எனக்கு எழுது, பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்