பிறர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லலாமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் நம் பங்குகளில் பல. அங்கிருந்து வரும் செய்திகளோடு “விமர்சன இனக் கோட்பாடு” என்றொரு சொற்றொடரும் இங்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளையரின் பிள்ளைகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று போதிக்கும் பாடம் அது எனச் சிலர் அஞ்சுகின்றனர். அதனை ஏற்பதா, மறுப்பதா என்பது பின்னர் வரும் கேள்வி. அது உண்மையில் என்ன கூறுகிறது என்பதே முதற் கேள்வி. எட்டாம் கட்டளை அயலானுக்கு எதிரான பொய்ச்சாட்சியை விலக்குகிறது. அயலான் சொன்னதைத் திரித்துக் கூறுவதும் பொய்ச்சாட்சியே.

கோட்பாடு கூறுவது யாது?

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் தொழிலில் இனபேதம் காட்டுவதைத் தடை செய்தது. அதன் பின்னரும் கறுப்பினத்தவரின் நிலை ஏன் போதியளவு உயரவில்லை? டெறிக் பெல், கிம்பர்லி கிரென்ஷோ முதலிய சட்டப் பேராசிரியர்கள் இக்கேள்வியை எழுப்பினர். எவருடைய உள்ளத்திலும் வெறுப்பு இல்லாதபோதும், பழைய அநீதி சட்டத்திலும் வழக்கத்திலும் தங்கியிருந்து தொடரக்கூடும் என்பதே அவர்களது விடையின் சாரம்.

கிரென்ஷோ 1989இல் ஆராய்ந்த வழக்கொன்று இதனை விளக்கும். ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் விலக வேண்டும் என்ற விதி கையாளப்பட்டது. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தனர். ஐவர் வழக்குத் தொடர்ந்தனர். கம்பனி 1964க்கு முன்னரே பெண்களைச் சேர்த்திருக்கிறது, ஆகவே பெண்கள் என்ற வகையில் அநீதி இல்லை என்றது 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அப்பெண்கள் வெள்ளையர். கறுப்பினப் பெண்கள் எனத் தனியொரு வகையாக நீதி கேட்கவும் நீதிமன்றம் இடமளிக்கவில்லை.

அந்த விதியில் வெறுப்புச் சொல் ஒன்றும் இல்லை. அதன்படி பெயர்ப் பட்டியல் எழுதிய லிகிதர் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். ஆயினும் நேற்றைய கதவடைப்பு இன்றைய விதியின் வழியாக மீண்டும் அதே பெண்களைத் தாக்கியது.

திருச்சபைக்கு இது புதிதா?

இல்லை. இனவாதம் பாவம் என்றும், அது சமுதாய அமைப்புகளிலும் குடிகொண்டுள்ளது என்றும் அமெரிக்க ஆயர்கள் 1979இல் எழுதினர். பாப்பரசர் புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1984இல் சமூகப் பாவம் பற்றியும், 1987இல் பாவ அமைப்புகள் பற்றியும் போதித்தார். அவ்வமைப்புகள் தனி மனிதரின் பாவங்களில் வேரூன்றியவை என்றும் அவர் தெளிவுபடுத்தினார். ஆகவே பழி எல்லாவற்றையும் அமைப்பின்மேல் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. அதேபோல், பிறந்த இனத்திற்காக ஒருவரைக் குற்றவாளியாக்கவும் முடியாது.

இதனை விளங்கிக்கொள்ள நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. “நான் எவரையும் வெறுக்கவில்லை, ஊர் வழக்கம் அப்படி” என்று கூறியே கலியாணப் பேச்சில் சாதி பார்க்கிறோம். வெறுப்பின்றியும் அநீதி வாழும் என்பதற்கு நம் வீட்டு வாசலே சாட்சி.

திரிபு நிகழ்ந்த விதம்

2020ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஜனாதிபதி ட்ரம்பின் முதற் பதவிக் காலத்தில், இக்கோட்பாட்டைப் பெயர் குறிப்பிட்டு, அது சார்ந்த அரச ஊழியர் பயிற்சிகளை நிறுத்துமாறு சுற்றறிக்கை ஒன்று வெளியானது. அடுத்த மார்ச்சில், இதற்கெதிரான பிரசாரத்தை முன்னின்று நடத்திய கிறிஸ்ரோபர் றூபோ தமது நோக்கத்தை மறைக்காமலே எழுதினார். மக்கள் விரும்பாத பலவற்றையும் இந்த ஒரு பெயரின் கீழ்க் கொண்டுவந்து, விபரீதமான எதைப் பத்திரிகையில் வாசித்தாலும் இப்பெயரே நினைவுக்கு வரச் செய்வது என்பதே அதன் கருத்து.

விளைவு என்ன? 2021இல் ரெனசி மாநிலம் இத்தகைய போதனையைத் தடுக்கவென்று சட்டம் இயற்றியது. உடனே பெற்றோர் குழுவொன்று ரூபி பிரிட்ஜஸ் பற்றிய சிறுவர் நூலுக்கு எதிராக முறைப்பாடு செய்தது. 1960இல், ஆறு வயதில், கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே காவலருடன் நியூ ஓர்லியன்ஸ் நகரில் வெள்ளையர் பள்ளிக்குச் சென்ற சிறுமி அவர். கல்வித் திணைக்களம் முறைப்பாட்டை ஏற்கவில்லை. எனினும், ஒரு குழந்தை பட்ட துன்பத்தைச் சொல்வதே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

மறுப்பது வேறு, திரிப்பது வேறு

கோட்பாடு வேதவாக்கு அன்று. ஹார்வார்ட் சட்டப் பேராசிரியரான றன்டல் கெனடி, தாமே கறுப்பினத்தவர், 1989இல் அதனைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் வாசித்த பின்னரே விமர்சித்தார். எழுதியவர்கள் எழுதியதற்கே பதில் கூறினார். இது நேர்மை. கேள்வி கேட்பவரையெல்லாம் இனவாதி என்று ஏசி வாயடைப்பதும் நேர்மையன்று. அதுவும் இதே கட்டளைக்கு விரோதமானது.

குடும்பமாகச் சிந்திக்க:

1. ஒருவரது கருத்தை அவரது எதிரியின் வாயிலாக மட்டும் கேட்டு நாம் தீர்ப்பிட்டதுண்டா?
2. மேடையில் கேட்டதைப் பிள்ளைகளுக்குக் கூறுமுன், அதனை விசாரித்து அறிகிறோமா?
3. “வழக்கம்” என்ற பெயரில் நம் வீட்டில் தொடரும் அநீதி எது? அதனை நிறுத்த இவ்வாரம் நாம் செய்யக்கூடியது என்ன?