ஒரே நஷ்டம், இரண்டு நியாயம்

2024 மார்ச்சில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கால்பந்துக் கிளப்பின் கணக்கிலிருந்து 4 புள்ளிகள் வெட்டப்பட்டன. மைதானத்தில் அவர்கள் தப்பாட்டம் எதுவும் ஆடிவிடவில்லை. அந்நாட்டின் மேல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் செலவு விதிகள் அனுமதித்ததைவிட 3.45 கோடி பவுண்டு கூடுதலாக நஷ்டப்பட்டதுதான் குற்றம். காசை வாரியிறைத்து ஜெயிக்கப் பார்த்தவர்களுக்குச் சரியான சூடு என்றுதான் முதலில் தோன்றும். விதிகள் இருப்பதே சின்னக் கிளப்புகளைக் காப்பாற்றத்தானே என்றும் தோன்றும். இந்த எண்ணங்களைக் கணக்கு நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம்பிக்கை: விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

இல்லை. அப்போதைய விதிப்படி பிரீமியர் லீக் கிளப் ஒன்று 3 ஆண்டுகளில் மொத்தம் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டப்படலாம்; அதில் பெரும்பகுதியை உரிமையாளர் தன் கைப்பணத்தால் ஈடுகட்ட வேண்டும். ஆண்டுக்கு 3.5 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கெடுத்த 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் ஃபாரஸ்ட் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் இருந்தது. அங்கே வரம்பு ஆண்டுக்கு 1.3 கோடிதான். கூட்டினால் ஃபாரஸ்டுக்குக் கிடைத்த இடம் 6.1 கோடி, அவர்கள் கணக்கில் வந்த நஷ்டம் 9.55 கோடி. அந்த 3 ஆண்டுகளும் மேல் லீக்கிலேயே இருந்த அர்செனலோ செல்சியோ அச்சு அசலாக இதே நஷ்டத்தைக் காட்டியிருந்தால் ஒரு புள்ளிகூடப் போயிருக்காது.

23 ஆண்டுகள் கழித்து, 2022இல்தான் ஃபாரஸ்ட் மேலே வந்தது. வந்ததும் 20க்கு மேற்பட்ட வீரர்களை வாங்கிக் குவித்தது. அதில் ஊதாரித்தனம் இல்லை என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். கணக்காண்டு முடியும் நாள் 2023 ஜூன் 30. சிறுவயதிலிருந்து அந்தக் கிளப்பிலேயே வளர்ந்த பிரென்னன் ஜான்சனை அதற்குள் விற்றிருந்தால் துண்டு விழுந்தது பெருமளவு குறைந்திருக்கும். அவசரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம் என்று பொறுத்திருந்து, செப்டம்பர் 1ஆம் தேதி டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். நல்ல வியாபாரிதான் அப்படிச் செய்வான் என்ற அவர்கள் வாதத்தை விசாரணைக் குழு ஏற்கவில்லை. கெடு கெடுதான்.

நம்பிக்கை: சின்னக் கிளப்புகளுக்குச் சமவாய்ப்பு தரத்தான் இந்த விதிகள் வந்தன.

பிரீமியர் லீக்குக்கு முன்பே இத்தகைய விதிகளைக் கொண்டுவந்த ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யுயெஃபா முதலில் கவலைப்பட்டது சமவாய்ப்பைப் பற்றி அல்ல, கடனைப் பற்றி. 2011இல் ஐரோப்பிய மேல்நிலைக் கிளப்புகளின் மொத்த நஷ்டம் சுமார் 170 கோடி யூரோ. விதிகள் வந்தபின், 2017இல் அது சுமார் 60 கோடி யூரோ லாபமாக மாறியது. இது சின்னச் சாதனை அல்ல. 2008இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையைத் தூக்கிய போர்ட்ஸ்மவுத் கிளப், 2010இல் கடனில் மூழ்கித் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. 2013க்குள் நான்காம் நிலை லீக்கில் கிடந்தது. அப்படி ஒரு வீழ்ச்சியைத் தடுப்பது சின்னக் கிளப்புக்குத்தான் பெரிய உதவி.

உயிரோடு வைத்திருப்பது வேறு, உயரவிடுவது வேறு. உள்ளூர் இரும்பு வியாபாரி ஜாக் வாக்கரின் பணத்தில் பிளாக்பர்ன் 1995இல் பிரீமியர் லீக் பட்டம் வென்றது. 2003இல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் வந்த பிறகு செல்சியும், 2008இல் அபுதாபி முதலாளிகள் வந்த பிறகு மான்செஸ்டர் சிட்டியும் அதே வழியில்தான் ஏறின. பந்திக்கு முந்தியவர்கள் உண்டு முடித்த பிறகு மண்டபக் கதவைச் சாத்திய கதை இது.

நம்பிக்கை: பணக்காரர்களையாவது விதி கட்டிப்போடுகிறது.

சிலரை, சில நேரம். 2021இல் சவூதி அரசு நிதியம் நியூகாசிலை வாங்கியபோது ஊரே திருவிழாக் கொண்டாடியது. 2024 ஜூன் கடைசியில் அதே கிளப், வரம்புக்குள் அடங்குவதற்காக எலியட் ஆண்டர்சன் என்ற உள்ளூர்ப் பையனை விற்றது. வாங்கியது யார் தெரியுமா? ஃபாரஸ்ட்! உள்ளூர்ப் பையனையே விற்றதற்குக் காரணம் கணக்கியல்தான். விலைக்கு வாங்கிய வீரரின் விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படும். விற்கும்போது அதில் பாக்கி இருப்பதைக் கழித்துத்தான் லாபம். சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம் என்பதால் விற்ற தொகை முழுவதும் லாபம். உள்ளூர்ப் பிள்ளைகளை விற்கத் தூண்டும் விதியைக் கால்பந்து ரசிகர் யாரும் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்.

செல்சிக்கோ விற்க ஹோட்டல்கள் இருந்தன. தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது. பிறகு பெண்கள் அணியையும் தாய் நிறுவனத்துக்கு விற்றது. இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றிய பணம் பிரீமியர் லீக் கணக்கில் வருமானமாக நின்றது. யுயெஃபா அதை ஒப்புக்கொள்ளாமல் 2025இல் அபராதம் போட்டது. மான்செஸ்டர் சிட்டி மீது பிரீமியர் லீக் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது 2023 பிப்ரவரியில். அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஃபாரஸ்டின் வழக்கோ குற்றச்சாட்டிலிருந்து தண்டனை வரை சில வாரங்களில் முடிந்துவிட்டது.

நம்பிக்கை: விதி இப்படி இருந்தால் சின்னக் கிளப் ஜெயிக்கவே முடியாது.

இதுவும் முழு உண்மை அல்ல. பிரைட்டன், ஈக்வடாரிலிருந்து 50 லட்சம் பவுண்டுக்கும் குறைவாக வாங்கிய மொய்செஸ் கைசெடோவை, 2023இல் செல்சிக்கு 10 கோடிக்கு மேல் விற்றது. கிரிஸ்டல் பேலஸ் 2025இல் சிட்டியையே வீழ்த்தி எஃப்ஏ கோப்பையை எடுத்தது. இவற்றுக்கெல்லாம் உண்மையான துணை செலவு விதி அல்ல, டிவி பணத்தைப் பகிரும் முறை. பிரீமியர் லீக்கில் முதலிடத்துக்குக் கிடைக்கும் தொகை கடைசி இடத்துக்குக் கிடைப்பதைப்போல் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் பிரீமியர் லீக் என்ற வேலிக்கு வெளியே இருந்து வருபவர்களின் கதி வேறு: 2023-24, 2024-25 இரண்டு சீசன்களிலும் புதிதாக மேலே ஏறி வந்து ஆடிய மூன்று கிளப்புகளுமே அந்தச் சீசன் முடிவிலேயே கீழே இறங்கின.

2026-27 முதல் புதிய விதி: வருமானத்தில் 85 சதவீதம் வரை அணிக்குச் செலவழிக்கலாம். கேட்க நியாயமாக இருக்கும். 2023-24இல் மான்செஸ்டர் சிட்டியின் வருமானம் 71.5 கோடி பவுண்டு, ப்ரென்ட்ஃபோர்டுக்கு 20 கோடிகூட இல்லை. 85 சதவீதம் போட்டால் ஒருவர் 60 கோடிக்கு மேல் செலவழிக்கலாம், இன்னொருவர் 17 கோடியைத் தொட முடியாது. கடைசி இடத்துக் கிளப்பின் டிவி வருமானத்தை அளவுகோலாக வைத்து, எத்தனை பணக்காரராக இருந்தாலும் அதன் குறிப்பிட்ட மடங்குக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று இன்னொரு திட்டமும் இருந்தது. 2025 நவம்பரில், 85 சதவீத விதி நிறைவேறிய அதே கூட்டத்தில் அது ஓட்டெடுப்புக்கு வந்தது. நிறைவேற 20 கிளப்புகளில் 14 ஆதரிக்க வேண்டும். அத்தனை ஓட்டு தேறவில்லை.