சணப்பு: ஒரு செடி, மூன்று பருவங்கள்

நுழையுமுன்

தில்லியின் கடைத்தெருக்களில் பொட்டலம் கட்ட உதவும் கயிற்றைத் தமிழர் 'சணல் கயிறு' என்பர். இந்தி பேசுவோர் சணலைப் 'பட்சன்' என்பர். இவ்விரு சொற்களுக்குள்ளும் ஒரு பழைய செடியின் பெயர் ஒளிந்துள்ளது. வடமொழியில் அது 'சணம்', இந்தியில் 'சன்' அல்லது 'சனயீ', தமிழில் 'சணப்பு'. இன்று சணல் என விற்கப்படுவது பெரும்பாலும் வங்காளத்தில் விளையும் வேறொரு செடியின் நார். பெயரைத் தந்த செடியைப் பற்றி இப்பாடம் கூறுகிறது.

பெயரில் ஓர் ஒலி

சணப்பு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆளுயரத்தையும் தாண்டி நேராக வளரும். ஒடுங்கி நீண்ட இலைகளையும், நுனியில் கொத்தாக மலரும் மஞ்சள் பூக்களையும் உடையது. காய் முற்றி உலர்ந்ததும் உள்ளிருக்கும் விதைகள் கழன்றுகொள்ளும். காற்றில் அசையும்போது கலகலவென ஒலிக்கும்.

அறிவியலார் இச்செடியைக் 'குரோட்டலேரியா ஜன்சியா' என்பர். 1753ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் நூலில் இப்பெயரைப் பதிவு செய்தார். இதன் முதற்சொல், தாளக் கருவி ஒன்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இதே இனத்துச் செடிகளைத் தமிழர் 'கிலுகிலுப்பை' என்றனர். இந்தி பேசுவோர் 'ஜுன்ஜுனியா' என்றனர். மூன்று மொழியினரும் ஒரே ஒலியைக் கேட்டுப் பெயரிட்டுள்ளனர்.

இவ்வொலி எழுவது செடியின் மூன்றாம் பருவத்தில். அதற்கு முன் இரண்டு பருவங்கள் உள்ளன. எந்தப் பருவத்தில் உழவர் செடியை நாடுகிறாரோ அதற்கேற்ப அதன் பயன் மாறுகிறது.

முதற்பருவம்: பூ

காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. ஆயினும் நெல்லும் கோதுமையும் அதனை நேராகப் பெற இயலாது. சணப்பின் வேர்களிலோ சிறு முடிச்சுகள் உள்ளன. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. கைம்மாறாகச் செடி தன் இலைகளில் உருவான சர்க்கரையை அவற்றுக்கு அளிக்கிறது.

விதைத்த 45 முதல் 60 நாள்களுக்குள், பூக்கும் தறுவாயில், உழவர் செடியை அறுக்காமல் அப்படியே மண்ணில் மடக்கி உழுவர். இதுவே பசுந்தாள் உரம். ஓர் எக்டேருக்கு 25 முதல் 35 கிலோ விதை போதும். 13 முதல் 15 டன் பசுந்தழை மண்ணுக்குக் கிடைக்கும். நாள் கடந்தால் தண்டில் நார் முற்றிவிடும். பிறகு அது எளிதில் மட்காது.

காவிரிப் பாசனப் பகுதியில் கோடை மழையின் ஈரத்தைக் கொண்டு சணப்பினை விதைத்து, நடவுக்கு முன் மடக்கி உழுவது உண்டு. தேங்கிய நீரைச் சணப்பு தாங்காது. ஆதலால் தாழ்ந்த வயல்களில் தக்கைப்பூண்டினை விதைப்பர். பஞ்சாபிலும் அரியானாவிலும் சித்திரையில் கோதுமை அறுவடை முடியும். ஆனியில் நெல் நடவு தொடங்கும். இடைப்பட்ட நாள்களில் சணப்பு, தக்கைப்பூண்டு போன்றவற்றை அங்குள்ள உழவர் சிலர் வளர்த்து மண்ணுக்கு ஊட்டுகின்றனர்.

ஐப்பசியில் நிலைமை வேறு. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே உள்ளன. வைக்கோலையும் அடித்தாளையும் அகற்ற ஆளும் பொருளும் வேண்டும். வழியற்ற உழவர் தீ வைக்கின்றனர். அப்புகையும் தில்லி வானில் கலக்கிறது. நகரின் வாகனப் புகையோடும் தூசியோடும் சேர்ந்து மூச்சைத் திணறச் செய்கிறது. தாளில் இருந்த நைட்ரஜனும் பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. கோடையில் பசுந்தாளை உண்ட நிலமே ஐப்பசியில் தன் உணவைத் தீயில் இழக்கிறது. கோடையில் வளரும் சணப்பு இத்தீயை அணைக்காது. ஆனால் நிலத்தில் விளைந்ததன் ஒரு பங்கு நிலத்திற்கே உரியது என்பதைக் காட்டும்.

இரண்டாம் பருவம்: நார்

மடக்கி உழாமல் விட்டால் ஏறக்குறைய மூன்று மாதங்களில் செடி காய் பிடிக்கும். அப்போது தண்டுகளை அறுத்துக் கட்டுகளாக்கி நீரில் ஊறவைப்பர். சில நாள்களில் நுண்ணுயிர்கள் பட்டையை இளக்கிவிடும். பின்னர் நாரை உரித்து, அலசி, வெயிலில் உலர்த்துவர். அந்நார் நீரில் எளிதில் இற்றுப்போவதில்லை. எனவே கயிற்றுக்கும் மீன்வலைக்கும் ஏற்றது.

பாய்மரக் கப்பல்களுக்குக் கயிறு இன்றியமையாதது. அதற்கான நாரை ஆங்கிலேயர் உருசியாவிலிருந்து வாங்கிவந்தனர். அதற்கு மாற்றாக இந்தியச் சணப்பு உதவுமா எனக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆராய முற்பட்டது. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த வில்லியம் ராக்ஸ்பரோ இந்திய நார்களின் வலிமையைச் சோதித்தார்.

பின்னர் 1905இல் பீகார் மாநிலத்துப் பூசா என்னும் ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. அங்குப் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், கேப்ரியல் ஹோவர்ட் இணையர் சணப்பின் இரு வகைகளைப் பற்றி 1910இல் ஆய்வுரை வெளியிட்டனர். 1934ஆம் ஆண்டின் பீகார் நிலநடுக்கம் அந்நிலையத்தைச் சிதைத்தது. 1936இல் நிலையம் தில்லிக்கு வந்தது. ஊரின் பெயரும் உடன் வந்தது. தில்லியில் ஒரு பகுதி இன்றும் 'பூசா' எனப்படுவது இதனால்தான்.

இன்று சணப்பு ஆராய்ச்சி நிலையம் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கட்டில் உள்ளது. அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதி மக்கள் சணப்பு மொட்டுகளைக் கறியாகச் சமைத்து உண்பர்.

மூன்றாம் பருவம்: விதை

ஒலிக்கும் விதைக்கு இரு முகங்கள் உண்டு. நாட்டு மருத்துவத்தில் குருதியைத் தூய்மை செய்ய விதையையும், தோல் நோய்களுக்கு இலையையும் பயன்படுத்தியுள்ளனர். ஆனால் இவ்வினத்துச் செடிகளின் விதைகளில் கல்லீரலைத் தாக்கும் நஞ்சும் உள்ளது.

1970களில் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில் பலர் வயிறு வீங்கி நோயுற்றனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் அந்நோயை ஆராய்ந்தனர். மக்கள் உண்ட சாமையோடு, கிலுகிலுப்பை இனத்தைச் சேர்ந்த ஒரு களைச்செடியின் விதைகள் கலந்திருந்தன. அவ்விதைகளே நோய்க்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. அச்செடி சணப்பு அன்று. எனினும் சணப்பின் நெருங்கிய உறவு. ஆகவே 'மூலிகை' என்னும் சொல்லை மட்டும் நம்பி எந்த விதையையும் உண்ணலாகாது. மருத்துவரின் வழிகாட்டுதல் வேண்டும்.

பூக்கும்போது உரம், காய்க்கும்போது நார், முற்றிய விதையில் மருந்தும் நஞ்சும். உரமும் நாரும் ஒரே விளைச்சலில் கிட்டா. எது வேண்டும் என்பதை உழவர் முன்னரே முடிவு செய்ய வேண்டும். பருவம் அறிந்து அம்முடிவை எடுப்பதே வேளாண்மை அறிவு.

சொல்லும் பொருளும்

தறுவாய் – தக்க நேரம்
கைம்மாறு – செய்த உதவிக்குச் செய்யும் பதிலுதவி
அடித்தாள் – கதிர் அறுத்தபின் நிலத்தில் எஞ்சும் தண்டு
இற்றுப்போதல் – நைந்து அறுதல்
குருதி – இரத்தம்

பயிற்சி

1. 'கிலுகிலுப்பை' எனப் பெயர் வரக் காரணம் யாது? ஒலியால் பெயர் பெற்ற வேறு இரண்டு பொருள்களைத் தமிழிலும் இந்தியிலும் எழுதுக.
2. சணப்பினைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது ஏன்?
3. தாழ்ந்த வயல்களில் சணப்புக்கு மாற்றாக விதைக்கப்படுவது எது? காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: பசுந்தாள், கைம்மாறு, மீன்வலை.
5. அடித்தாளை எரிக்கும் உழவருக்கும் புகையால் துன்புறும் நகரத்தாருக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக. இருவர் பக்க நியாயமும் அதில் இடம்பெற வேண்டும்.
6. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, சொந்த ஊரில் வயலுக்கு இடும் தழை உரங்களின் பெயர்களைப் பட்டியலிடுக.