உண்டியலில் தலைகீழ் வள்ளுவர்!

மதுரைப் பக்கத்து வீட்டு உண்டியல்களில் திருவள்ளுவர் (1995), அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் நாணயங்கள் இன்றும் அகப்படும். உருவம் நிமிர்ந்திருக்க, மேல், கீழ் விளிம்புகளை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் சுழற்றுங்கள். மறுபுறச் சிங்கமும் நேராக நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால், அச்சு திரும்பிய பிழை. சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான்.

ஆண்டின் கீழே இருப்பது அச்சடித்த நாணயச்சாலையின் குறி: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லையா? கொல்கத்தா, பிழையல்ல. கீறல், நசுங்கல் வெறும் புழக்கத் தேய்மானம்.

இருபுறமும் ஒரே உருவமென்றால் லென்ஸ் எடுங்கள். விளிம்பின் உள்ளோரம் மெல்லிய வட்டக்கோடு ஓடினால் இரு காசுகளை அறுத்து ஒட்டிய கைவேலை.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விலை போய்விடும். "லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்பது மோசடி. ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.