கணனி 'அப்டேட்' ஆக மறுத்தால்...

கடையில் கடன் கொப்பி இருந்தாலும், நம்மில் பலரது உண்மையான கணக்கு இன்று வீட்டுக் கணனியில்தான் இருக்கிறது. பகலில் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். இரவில் நாம் பற்று வரவு, காசோலைத் திகதி, சரக்கு இருப்பு என்பவற்றைப் பதிகிறோம். அந்தக் கணனியில் 'அப்டேட் தோல்வி' என்று ஒரு செய்தி வந்தால், "மெஷின் வேலை செய்யுதுதானே" என்று மூடிவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். இந்த வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதையும், செய்தி வந்தால் என்ன செய்வது என்பதையும் இவ்வாரம் பார்ப்போம்.

2017 மே 12ஆம் திகதி 'வொன்னக்ரை' என்ற வைரஸ் பரவத் தொடங்கியது. சில நாட்களுக்குள் 150 நாடுகளில் சுமார் 200,000 கணனிகள் பாதிக்கப்பட்டதாக ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் அறிவித்தது. அது பைல்களைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கேட்டது. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் போடாதவர்களே அகப்பட்டனர். கணக்கைப் பறிகொடுத்த வியாபாரி, தனக்குத் தர வேண்டியவரிடம் எதைக் காட்டிக் கேட்பது?

விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட் வழமையாக ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. அமெரிக்காவில் அப்போது காலை நேரம். நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. அதனால் அடுத்த நாள் புதன்கிழமைதான் நாம் அதனைக் காண்கிறோம். அதில் பிழை வந்தால் என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்.

முதலாவது, கணக்குப் பைல்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். எடுத்ததும் அதனைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கணனியோடு பூட்டியபடியே இருந்தால் வைரஸ் அதனையும் பிடித்துவிடும்.

இரண்டாவது, பிழை இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது சைபர், எக்ஸ் என்று தொடங்கும். அதன் பின்வரும் எட்டு எழுத்துக்களும் இலக்கங்களுமே நோயைச் சொல்பவை. பிறகு கணனியை 'ரீஸ்டார்ட்' செய்து மீண்டும் முயலுங்கள். பாதியில் நின்ற பழைய அப்டேட் பல வேளைகளில் இதனாலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, இடம். 80070070 என்றால் டிஸ்க்கில் இடமில்லை என்பது பொருள். பிள்ளைகளின் படங்கள், வீடியோக்களை வேறிடம் மாற்றி, குப்பைக் கூடையை வெறுமையாக்குங்கள். பெரிய அப்டேட் ஒன்றுக்கு 20 ஜி.பி. அளவு காலியாக இருப்பது நல்லது.

நான்காவது, நேரமும் இணைப்பும். திகதி பிழையாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது; அப்டேட்டும் இறங்காது. கணனியை ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய திகதி காட்டினால், உள்ளே இருக்கும் 2032 இலக்கச் சில்லறைக் காசு போன்ற பெட்டரி முடிந்திருக்கலாம். அதனை மாற்றுவது பெரிய செலவல்ல. மொபைல் டேட்டாவைப் பாவிப்போர், இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்து வைத்திருந்தாலும் அப்டேட் இறங்காமல் காத்திருக்கும். அது பிழையன்று.

ஐந்தாவது, செட்டிங்ஸில் உள்ள 'ட்ரபிள்ஷூட்டர்' மூலம் விண்டோஸ் அப்டேட்டைப் பரிசோதியுங்கள். இறக்கிய பைல் பழுதென்றால், அப்டேட் சேவைகளை நிறுத்தி, 'சொப்ட்வெயார் டிஸ்ட்ரிபியூஷன்' என்ற போல்டரின் பெயரை மாற்றிவிட்டு, சேவைகளை மீண்டும் தொடங்க வேண்டும். விண்டோஸ் எல்லாவற்றையும் புதிதாக இறக்கிக்கொள்ளும். இதனைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு செய்விப்பதே நன்று.

ஆறாவது, 80073712 போன்ற இலக்கம் வந்தால் விண்டோஸின் சொந்தப் பைல்களே பழுதாகியுள்ளன. இதற்கு 'டிஸ்ம்', 'எஸ்.எப்.சி.' என இரண்டு கருவிகள் உண்டு. எதனை முதலில் ஓடவிடுவது? நமது பாஷையில் சொன்னால், எஸ்.எப்.சி. என்பது ஸ்டோரிலிருந்து நல்ல சாமானை எடுத்து, ராக்கையில் பழுதானதற்குப் பதிலாக வைப்பது. ஸ்டோரில் உள்ளதே பழுதென்றால் ராக்கைக்கு வருவதும் பழுதுதான். எனவே ஸ்டோரைச் சரி செய்யும் டிஸ்ம் முதலில், எஸ்.எப்.சி. பிறகு.

எல்லாப் பிழையும் நமது கணனியின் பிழையல்ல. 2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று பலரது கணனிகளில் 80070643 என்று தோற்றது. மீட்புப் பகுதியில் 250 எம்.பி. காலியிடம் இல்லாததே காரணம். புதிய கணனி வாங்கவோ, முழுவதையும் அழித்துப் போடவோ தேவை இருக்கவில்லை. ஆகவே, "போர்மட் பண்ண வேணும்" என்று திருத்துபவர் சொன்னால், எந்த இலக்கத்துக்காக என்று கேளுங்கள். கேட்பது நமது உரிமை.

மேலும் மூன்று விடயங்கள். அப்டேட் ஏறும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். மாற்றங்களை மீளப்பெறுவதாகச் செய்தி வந்தால், நேரம் எடுத்தாலும் விட்டுவிடுங்கள். மின்வெட்டு உள்ள பகுதியில் யூ.பி.எஸ். அவசியம். திரையில் தொலைபேசி இலக்கத்துடன் எச்சரிக்கை வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசொப்ட்டின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி இலக்கம் இருக்காது. குறைந்த விலைக்குத் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருபவர்களில் சிலர் அப்டேட்டையே நிறுத்திவிட்டுத் தருகிறார்கள். அத்தகைய கணனியில் பிழைச் செய்தியே வராது, பாதுகாப்பும் இராது.

விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. நீடிப்புத் திட்டத்தில் சேராத கணனிக்கு அப்டேட் வராமல் இருப்பது திருத்தக்கூடிய கோளாறு அல்ல. விண்டோஸ் 11க்கு மாற 4 ஜி.பி. ரெம், 64 ஜி.பி. டிஸ்க், 'டி.பி.எம். 2.0' பாதுகாப்புச் சிப், ஏற்கப்பட்ட புரொசஸர் என்பன வேண்டும். இவை இல்லாத பழைய கணனியைப் பிள்ளைகளுக்கு விட்டாலும், வியாபாரக் கணக்கை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த நாளான புதன்கிழமையைக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவு கணக்கை மூடியதும் பிரதி எடுத்து, அப்டேட்டைப் பார்த்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். கடையைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்கள் நாம். இதுவும் அத்தகைய ஒரு வேலைதான்.