குழி விழுந்த தளம் தாங்குமா?

கேள்வி: ஊரில் சின்ன விசேஷ மண்டபம் ஒன்று கட்டுகிறோம். ஹால் 30-க்கு 36 அடி. நடுவில் தூண் கூடாது என்றதும் இன்ஜினீயர், பிளாஸ்டிக் டோம்களைக் கவிழ்த்து வைத்து 'வேஃபிள் ஸ்லாப்' போடலாம் என்கிறார். டோமுக்கு மேலே 3 அங்குலம்தான் கான்கிரீட்டாம். "மூணு இஞ்ச் தளம் தாங்குமா சார்? வழக்கம்போல பெரிய பீம் போட்டு அடிச்சிரலாம்" என்கிறார் மேஸ்திரி. பின்னால் மாடியில் சாப்பாட்டுக் கூடம் வரும். யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: முறையைத் தேர்ந்தெடுப்பதில் இன்ஜினீயர் பேச்சைக் கேளுங்கள். மேஸ்திரியின் பயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

3 அங்குலம் என்பது குழியின் மூடி மட்டும்தான். பணியாரக் கல்லைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் உங்கள் ஹாலின் கூரை தெரியும். குழிகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக விலாக்கள் ஓடும். பாரம் ஏறும்போது தளத்தின் மேல்பகுதி அமுங்கும், அடிப்பகுதி இழுபடும். அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கெட்டிக்காரன்; இழுத்தால் விரிந்துவிடுவான். அடியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கம்பியைப் பொதிந்து பிடிக்கத் தேவையானது போக மிச்சமுள்ள கான்கிரீட் தண்டச் சுமை. அந்தச் சுமையைக் கழிக்கத்தான் டோம்.

ஒரு கணக்கு: 90 செ.மீ. கட்டத்துக்கு ஒரு டோம், குழி ஆழம் 30 செ.மீ., மூடி 7.5 செ.மீ., விலாவின் சராசரி அகலம் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கனம் 37.5 செ.மீ. ஆனால் செலவாகும் கான்கிரீட், 18 செ.மீ. தட்டைத் தளத்துக்கு ஆகும் அளவுதான். எடை சதுர மீட்டருக்குச் சுமார் 460 கிலோ. அதே கனத்தை முழுக்க நிரப்பினால் 940 கிலோ. மேஸ்திரி சொல்லும் பீம் 30 அடியைத் தாண்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டரை அடி கீழே இறங்கும். இதிலோ ஒன்றேகால் அடியோடு முடிந்தது.

உங்கள் ஹால் சதுரத்தை ஒட்டியிருப்பதும் நல்லதாயிற்று. இரண்டு பக்க விலாக்களும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். 30-க்கு 60 அடியாக இருந்தால் நீளவாட்டில் ஓடும் விலாக்களுக்குப் பெரிதாக வேலை இருக்காது.

இன்ஜினீயரிடம் ஒரு கேள்வி மட்டும் கட்டாயம் கேளுங்கள்: எந்தப் பாரத்துக்குக் கணக்கிட்டார்? வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ போதும். நிலையான இருக்கைகள் இல்லாமல் கூட்டம் கூடும் இடத்துக்கு இந்தியத் தரவிதி கேட்பது 500 கிலோ. வரைபடத்தில் தூண்களை ஒட்டிய பகுதி குழியில்லாமல் முழுக் கான்கிரீட்டாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கான்கிரீட்டுக்கான தரவிதி ஐ.எஸ். 456:2000-இன்படி விலாவின் அகலம் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மூடி நீங்கலாக அதன் ஆழம் அகலத்தைப் போல 4 மடங்கைத் தாண்டக் கூடாது. 65 மி.மீ. விலாவில் கம்பி கட்டி, கவர் விட்டு, கலவையும் இறக்குவது பெரும்பாடு. நானாக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு கேட்பேன்.

இங்கேதான் மேஸ்திரியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒல்லியான விலாவில் கம்பிக்கு அடியில் கலவை இறங்காவிட்டால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக விழும். கம்பியால் குத்திச் சமாளிக்கிற வேலை இல்லை; ஊசி வைப்ரேட்டர் வேண்டும், ஒன்று ரிப்பேரானால் கைக்கு இன்னொன்றும் வேண்டும். டோமின் விளிம்பைப் பலகையோடு ஆணியடித்து இறுக்காவிட்டால் கலவை கொட்டும்போது நகரும். கழற்றும்போது கடப்பாரை போட்டு நெம்பினால் விலாவின் ஓரம் பெயரும். உச்சியில் துளை உள்ள டோம் என்றால் கம்பிரசர் காற்றை அடித்தாலே கழன்று வரும். விலாக்களுக்கு அடியில் இருக்கும் முட்டுகளை 21 நாள் வரை தொடாதீர்கள். இப்படி ஒரு தளமாவது போட்டுக் கைபழகிய ஆட்கள் கிடைக்காவிட்டால் மேஸ்திரி சொன்ன பீமே மேல்.

டோமை விலைக்கு வாங்க வேண்டாம். ஒரே தளத்துக்கு வாடகைதான் கட்டுப்படி. பல தளம், பல தடவை என்றால்தான் சொந்தமாக வைத்துக்கொள்வதில் லாபம். 12-க்கு 14 அடி படுக்கையறைக்கு இதை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். அந்த அளவுக்கு, கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் மங்களூர் ஓட்டை உள்ளே வைத்துப் போட்ட ஃபில்லர் ஸ்லாப் சிக்கனமானது.

ஃபேன் கொக்கி, ஏ.சி. பைப், மாடிக் கை கழுவுமிடத்தின் தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் கலவை கொட்டும் முன்பே இடம் குறியுங்கள். கொக்கி விலாவில் வரட்டும், குழாய்த் துளை குழியின் மூடியில் வரட்டும். பின்னால் விலாவைத் துளைத்தால் கம்பி அறுபடும். மாடி எழும்பும்வரை அந்த 3 அங்குல மூடிதான் நாமக்கல் வெயிலுக்கும் கூரை. ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றால் மேலே வெள்ளை கூலிங் பெயிண்டாவது அடித்துவையுங்கள். இல்லாவிட்டால் கீழே மண்டபத்தில் உட்கார முடியாது.